முத்தாளின் கையெழுத்து

அரிமளம்
12.6.2024

அன்புள்ள திலகா,

நியூசிலாந்துல குளிர் தொடங்கியிருக்குமே, காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ. டாக்டரை எதிர்பார்க்காம நீயே பரிசோதிச்சு, நீயே கருக்கலைப்பு மாத்திரை கொடுக்கிறியாமே! என்கூட நர்சிங் படிச்சவதானா நீ?

இன்னைக்கு முத்தாள்னு ஒரு பொண்ணு வந்தா. ரெண்டு பிள்ளையும் ஆபரேஷன். ரெண்டாவதுல ரத்தம் போய்ப் பிழைச்சதே பெருசு. புருஷன் முத்துராமன் லீவு முடிஞ்சு குவைத் போயிட்டார். "நாள் தள்ளிருச்சு சிஸ்டர், நீங்களே மாத்திரை குடுத்துருங்க"ன்னா. நம்ம சட்டப்படி டாக்டர்தானே கொடுக்கணும்? எங்க டாக்டரம்மா பிரசவ லீவு. டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

உன் சுபஸ்ரீ

ஆக்லாந்து
1.7.2024

அன்பு சுபா,

முத்தாள் என்ன ஆனா? அதை எழுதாம வேற எதையும் எழுதாதே. நாள் போகப் போகக் கஷ்டம். நீயும் இங்க வந்துரேன்டி. நாம படிச்சதைச் செய்ய விடுறாங்க.

திலகவதி

அரிமளம்
20.8.2024

திலகா,

டவுன்ல முத்தாள் போன தனியார் ஆஸ்பத்திரியில புருஷன் கையெழுத்து கேட்டிருக்காங்க. சட்டப்படி அவ கையெழுத்தே போதும்னு நான் போன்ல சண்டை போட்டேன். "எங்க வழக்கம் இது"ன்னு வச்சுட்டாங்க. முத்துராமனோ, "வந்ததை ஏன் அழிக்கணும், பெத்துக்க"ன்னுட்டாராம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறேன்னு லீவு போட்டுட்டு அவ வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசல்லயே மறிச்சுட்டாங்க. முத்தாள் உள்ளேயிருந்து, "விடுங்க சிஸ்டர், எல்லாரும் பேசுறாக, பெத்துக்கிறேன்"னா. மாத்திரைக் காலமும் தாண்டிருச்சு. அடிக்கடி போய்ப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

சுபா

ஆக்லாந்து
15.9.2024

அன்பு சுபா,

நீ பக்கத்துல இருக்கிறது அவளுக்குப் பெரிய தைரியம். பெரிய ஆஸ்பத்திரியிலதான் பிரசவம்னு இப்பவே சொல்லி வை. நேத்து ஒரு பொண்ணுக்கு மாத்திரை கொடுத்தேன், போகும்போது கட்டிப்பிடிச்சுக்கிட்டா. உன்னை நினைச்சேன்.

திலகா

அரிமளம்
16.3.2025

திலகா,

முத்தாள் போயிட்டா. நச்சுக்கொடி பழைய ஆபரேஷன் தழும்புல ஒட்டிக்கிட்டுப் பிரியல. பெரிய ஆஸ்பத்திரிதான், எத்தனையோ பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க, நிக்கல. பெண் குழந்தை பிழைச்சுக்கிச்சு.

குவைத்லேர்ந்து வந்திருக்கிற முத்துராமன் ஒன்றரை மாசத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தார். "நான் அன்னைக்கே சரின்னு சொல்லியிருக்கணும் சிஸ்டர்"னார். நீங்க சொல்லவே வேண்டியதில்ல, அவ சொன்னதே போதும்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. "குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க"ன்னு மட்டும் சொல்லி ஊசியைப் போட்டேன்.

கொஞ்ச காலத்துக்கு உன் வேலையைப் பத்தி எனக்கு எழுதாதே. உன்மேல கோபமில்ல. என்னால படிக்க முடியல.

சுபஸ்ரீ