மச்சி, உங்கள் கேமராவில் திரை கிடையாது

உயிருக்கு உயிரான என் மச்சிக்கு,

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் எவனாவது தன் கூட்டாளியைப் பார்த்து "மச்சி!" என்று கத்தினால் போதும், நான் இன்னும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். நம் வீட்டில் அண்ணன் மனைவிக்கு அதுதானே பெயர்? அவன் என்னை முறைக்கிறான், நான் அவனை முறைக்கிறேன். நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

அண்ணன் நன்றாக இருக்கிறார். சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறார். நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் அடங்கிவிடுவார். எனக்கு அந்தப் பார்வை வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமராவைச் செய்துவிட்டேன் மச்சி.

நம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண்கள் யாரும் கேமராவோடு வர முடியாது. அங்கே நீங்கள்தான் போவீர்கள். கடைசியில் ஃபிலிம் ரோலைச் சுற்றிக் கழற்றி, பெண்ணைப் பெற்றவர் கையில் வைத்து, "இந்தாங்க, உங்க அமானிதம்" என்பீர்கள். நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல. அதைக் கழுவிப் படம் போடுவதா, பீரோவில் பூட்டுவதா என்பது அவர்கள் இஷ்டம். தாம்பரம் முதல் பல்லாவரம் வரை உங்களைக் கூப்பிட்டார்களே, படம் அழகாக வருகிறது என்பதற்காக மட்டுமா கூப்பிட்டார்கள்?

அப்புறம் டிஜிட்டல் கேமரா வாங்கினீர்கள். சபுரா மாமியின் மூத்த மகள் பர்வீன் கல்யாணம். ஒவ்வொரு படத்துக்கும் "எங்க காட்டு, எங்க காட்டு" என்று உங்கள் கேமராவின் திரையைச் சுற்றி ஒரே கூட்டம். அந்த நெரிசலில் யாரோ ஒருத்தி போனை நீட்டி, திரையில் தெரிந்த பர்வீனை அப்படியே படம் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் முகம் தெரியாத ஆண்களின் போன்களில் கிண்டலோடு சுற்றியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பர்வீன் அதற்குப் பிறகு கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுவாள். உங்களையும் அதன்பின் யாரும் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனசுக்குள் ஒரு கேமராவைச் செய்துகொண்டிருந்தீர்கள்.

"பின்னாடி டிவி எதுக்கு ஷமீ? கண்ணு வெச்சுப் பாக்க ஒரு ஓட்டை இருந்தா போதும். வேகத்துக்கு ஒரு சக்கரம், வெளிச்சத்துக்கு ஒரு வளையம். முப்பத்தாறு படம். அழிக்க முடியக்கூடாது, அனுப்ப முடியக்கூடாது. நீதான் கம்பெனில போர்டு சால்டர் பண்றியே, இதப் பண்ண முடியாதா?"

"அப்படி ஒரு கேமராவ யாரு மச்சி வாங்குவா?" என்று சிரித்தேன்.

"வாங்குறவங்களுக்கு இல்ல. எதிர்ல நிக்கிறவங்களுக்கு."

நீங்கள் போன பிறகுதான் அந்தக் கேமரா நீங்கள் எனக்கு விட்டுப்போன வேலை என்று உறைத்தது. பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பிரித்து அதன் உள்ளுறுப்புகளை எடுத்தேன். அதை வைக்கக் கூடு வேண்டுமே? உங்கள் ஃபிலிம் கேமராவைக் கேட்டபோது அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அவ ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் ஒடைக்கணுமா?" என்றார். நான் ஒற்றைக்காலில் நின்றேன். மறுநாள் காலையில் ஏரியிலிருந்து திரும்பியவர், பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே வைத்தது பலமுறை சொதப்பியது. ஒரு தடவை எல்லாப் படமும் பச்சையாக வந்தது. அண்ணன் மட்டும் அதில் பார்க்க நன்றாக இருந்தார். விடுவேனா? இப்போது நெம்புகோலை இழுத்தால்தான் அடுத்த படம். முப்பத்தாறு முடிந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். எடுத்ததை அழிக்க வழியில்லை. பின்பக்கம் வெறும் கறுப்புத் தோல்.

எங்கள் கம்பெனி மேலாளரிடம் காட்டினேன். கையில் வாங்கியதும் அவருக்குப் பிடித்துவிட்டது. "சூப்பர் மேடம்! பின்னாடி சின்னதா ஒரு ஸ்கிரீன், போனோட ஒரு கனெக்‌ஷன், இத மட்டும் சேத்துட்டா நாமளே தயாரிக்கலாம்" என்றார். "அத மட்டும்தான் சார் சேக்க மாட்டேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் தலைகீழாக நின்றாலும் அது நடக்காது.

போன மாதம் சபுரா மாமியின் இளைய மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானது. தன் கல்யாணத்துக்கு ஒரு படமாவது வேண்டும் என்று அந்தப் பெண் அழுகிறாளாம். கேமரா என்ற பேச்சே கூடாது என்று மாமி சொல்லிவிட்டாராம். கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே போனேன்.

"உன் மச்சி தங்கமானவதான்மா," என்றார் மாமி. "அவ கையில இருந்த மெஷின்தான் நல்லதில்ல."

அவரை ஒரு படம் எடுத்தேன்.

"எங்க, காட்டு பாப்போம்."

"காட்ட முடியாது மாமி."

கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தோலை விரலால் தடவினார். "இன்னாம்மா இது? அப்ப எடுத்த உனக்கே தெரியாதா, எப்படி வந்துச்சுன்னு?"

"தெரியாது மாமி."

கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அப்படின்னா வா," என்றார்.

கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கத்து வாசலில் அவரே ஒரு பெரிய அரிசிப் பையோடு நின்று எல்லோர் போனையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். "மாமி, செக்யூரிட்டி வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டுத் திட்டு வாங்கினாள். நான் சக்கரத்தைத் திருப்பினேன், வளையத்தைத் திருப்பினேன், எடுத்தேன். யாரும் ஓடிவந்து எட்டிப்பார்க்கவில்லை. எட்டிப்பார்க்க ஒன்றுமில்லையே. எடுத்த அடுத்த நிமிஷமே பேச்சுக்கும் பிரியாணிக்கும் திரும்பிவிட்டார்கள்.

ஒரே ஒரு படம் பாக்கி இருந்தபோது என் முன்னால் யாரோ வந்து நின்றார்கள். பர்வீன், மச்சி.

"அவங்க சொன்ன கேமராதானே இது?" என்றாள். எங்கே, எப்போது அவளிடம் சொன்னீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நான் தலையை ஆட்டினேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தங்கையின் தோளில் கைபோட்டு, நேராக என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கி அந்த ஓட்டை வழியாக ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் அழுத்தினேன்.

படங்கள் பதிந்த கார்டைக் கழற்றி மாமி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். படம் எப்படி வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பர்வீன் சிரித்தாளா? அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிட்டாளா? தலை வெட்டுப்பட்டிருக்குமோ? நான் எடுத்ததிலேயே அந்த ஒரு படத்தைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன் மச்சி. பார்க்காமலே இருப்பேன். இனி நான் செய்யப்போகிற ஒவ்வொரு கேமராவிலும், எதிரில் நிற்பவள் காட்டினால் ஒழிய எடுத்த படம் எனக்கும் தெரியாது. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் சொல்லைத் தட்டாத நாத்தனார்,
ஷமீமா
சிட்லபாக்கம்