அவர் காலும் என் விரலும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ட்ரம்மர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வாசித்தான். கேட்டால், "குளிருதுக்கா" என்கிறான். எங்கள் பாட்டுக் குழுவின் பயிற்சி அறை ஜன்னலே இல்லாதது. கீழே கார் பட்டறை. வெல்டிங் சூடு தரை வழியாக ஏறி வருகிறது. அங்கே இவனுக்குக் குளிராம்.

எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரருடைய கிதார்தான் காரணம். சில மாதங்களாகவே ஒலியில் கூர் ஏறிக்கொண்டே போகிறது. இன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவரோ சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனில் கேட்டாள், "அவரு வாசிக்கிறாரு சரி, நீ அங்க என்னதான் பண்றே?" இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கிறாள் பார். சொன்னேன்: மேடை ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். அதிலிருந்து ஒரு மிடி கேபிள் இவர் காலடியில், கிதார் ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் பெட்டிக்குப் போகும். அந்தக் கேபிளில் சத்தம் போகாது, எண்கள்தான் போகும். பல்லவிக்கு ஒரு ஒலி, சரணத்துக்கு வேறு ஒலி, நடுவே எதிரொலி என்று பாட்டு ஓட ஓட நான் எண்ணை அனுப்புவேன், பெட்டி அதன்படி மாறும். முன்பெல்லாம் இவரே காலால் தட்டித் தட்டி மாற்றுவார். தரையில் கரப்பான் அடிக்கிற மாதிரி இருக்கும். இப்போது அவர் காலுக்கு மிச்சம் ஒரே ஒரு பெடல். ட்ரெபிள் பெடல். அழுத்தினால் ஒலி கூராகும், விட்டால் மழுங்கும். அதை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டார்.

"அப்ப நீதான் பின்னாடிலேர்ந்து ஆட்டி வைக்கிறேன்னு சொல்லு" என்று சிரித்தாள் அக்கா.

மார்ச் 5, வியாழன்

மாடிப்படியில் மாஸ்டர் என்னைத் தனியாக நிறுத்தினார். குழு அவருடையது, பாடுவதும் அவர்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் கிதார் காதக் கிழிக்குது. ரெண்டு தடவ ஜாடையா சொல்லிட்டேன். சிரிக்கிறார். ஏப்ரல் பதினொண்ணு நேரடிப் பதிவு. அன்னைக்கும் இப்படி வாசிச்சா, அதுக்கப்புறம் எனக்கு வேற ஆள்தான். நீயே பக்குவமா சொல்லிடு."

பக்குவமாகவாம்! பூனைக்கு மணி கட்ட என்னைத்தான் பிடித்திருக்கிறார். இருபது வருடமாகக் கிதாரைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷர். "உங்க வாசிப்பு காதைக் கிழிக்குது" என்பதை எந்தப் பக்குவத்தில் சொல்வது?

மார்ச் 6, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

துணி துவைக்கும் மெஷின் முடிந்துவிட்டது என்று கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. இவர் அதற்குப் பக்கத்திலேயே நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து நிறுத்தினேன். "முடிஞ்சிடுச்சா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. கிதாரில் கூர் தானாக ஏறவில்லை. இவருக்குக் கூர் கேட்கவில்லை. கேட்காததால் ஏற்றுகிறார், ஏற்றியும் கேட்காததால் இன்னும் ஏற்றுகிறார்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "சொல்லித் தொலையேன்டி, காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். அவளுக்கென்ன, லேசாகச் சொல்லிவிட்டாள். பதிவுக்கு முன்னால் சொன்னால் மனுஷர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் வேலை போகும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

லேப்டாப் பக்கத்தில் விரலால் மேலும் கீழும் தள்ளும் ஸ்லைடர்கள் உள்ள ஒரு சின்னப் பலகை எனக்கு இருக்கிறது. சாயந்திரம் அதில் ஒரு ஸ்லைடரை இவருடைய ட்ரெபிளுக்குக் கட்டிவிட்டேன். மிடியில் அவர் பெடலுக்கு என்ன அடையாள எண்ணோ, ஸ்லைடருக்கும் அதே. இனி அவர் காலால் ஏற்றினாலும் நான் விரலால் இறக்கலாம்.

தப்புதான். தெரிந்துதான் செய்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

பயிற்சியில் முதல் பாட்டிலேயே ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்கினேன். மாஸ்டர் பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். ட்ரம்மர் ஒரு காதுப் பஞ்சை எடுத்தான்.

இவர் முகத்தில் ஒன்றுமில்லை. இன்னும் இறக்கினேன். ஒன்றுமில்லை. ஒரு வேகத்தில் அடிவரை இறக்கிவிட்டேன். கிதார் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டது, மாஸ்டரே புருவத்தைத் தூக்கினார். இவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ரசித்து வாசிக்கிறார்.

ஸ்லைடரைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். காது கொஞ்சம் போயிருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவா?

இவர் நான் கூப்பிட்டது காதில் விழாமல் நிற்கும்போதெல்லாம் ஒரு பழமொழியைச் சொல்லிக் கேலி செய்வேன். செவிடும் சங்கும் வரும் பழமொழி. வாய் கூசாமல் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். முழுதாக எழுதக்கூட இன்று கை வரவில்லை.

மார்ச் 14, சனி

முதல் நிகழ்ச்சி தப்பித்தது. ஆனால் என் உயிர் போய்விட்டது.

மிடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அடையாள எண்ணுக்கு இரண்டு பேர் கட்டளை கொடுத்தால், கடைசியாகக் கொடுத்தவர் சொல்தான் செல்லும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவர் பெடலை அசைத்தால் ட்ரெபிள் அளவு மேலே தாவும், உடனே நான் துரத்திப் பிடித்து இறக்க வேண்டும். நிகழ்ச்சி முழுக்க அவர் வலது காலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாராவது பார்த்திருந்தால், கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் புருஷன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று மெச்சியிருப்பார்கள்.

முடிந்ததும் மாஸ்டர் இவருக்குக் கை கொடுத்தார். வண்டியில் வரும்போது இவர், "இன்னைக்கு கிதார் என்னமா பேசிச்சு பாத்தியா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

எல்லாம் போச்சு.

மெதுவான பாட்டு. பாதி அரங்கம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டில் இவர் பெடலை அசைக்கவே மாட்டார், அழுத்திய காலை அப்படியே அதன்மேல் வைத்திருப்பார். அந்தத் தைரியத்தில் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். இவர் நின்ற காலை மாற்றி நின்றார். அவ்வளவுதான். என் ஸ்லைடர் கீழே, அவர் பெடல் உச்சியில். கால் லேசாக அசைந்ததும் அளவு ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விட்டது.

வீல்! எதிரொலி வேறு போட்டு வைத்திருந்தேனா, அந்த அலறல் திரும்பத் திரும்ப வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா குழந்தையின் காதைப் பொத்தினாள். மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். நான் ஸ்லைடரைப் பிடித்து இழுத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு ஐயோ என்று கூடச் சொல்ல முடியாது.

இது எதுவும் பெரிதில்லை. இவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. எல்லோரும் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று ட்ரம்மரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். கடைசியில் குனிந்து பெட்டியின் திரையைப் பார்த்தார். நான் இறக்க இறக்க அங்கே ட்ரெபிளின் எண் தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த எண் திரையில் தெரியும் என்பதை எப்படி மறந்தேன்? ஸ்லைடருக்கு வேறு அடையாள எண் கொடுத்து, ட்ரெபிளுக்கு ஒரு மேல்வரம்பு கட்டியிருந்தால் தாவலே வந்திருக்காது. இதெல்லாம் தெரியாதவளா நான்? அவசரம். பயம்.

மார்ச் 23, திங்கள்

"மெஷின் தானா ஓடுது. நம்பர் தானா எறங்குது. என் கண்ணால பாத்தேன்" என்று ரிப்பேர்காரரிடம் எடுத்துப் போனார். நானும் போனேன்.

கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். காதால் கேட்டதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்து, மூடி, வாசித்துப் பார்த்து, "உள்ள ஒரு குறையும் இல்ல சார். வெளிலேர்ந்து ஏதாவது வந்தா உண்டு" என்றார். என் கால் கட்டைவிரல் சுருண்டது.

வாசலுக்கு வந்ததும் இவர், "உன் கேபிள்தான் வெனை. பதிவன்னைக்கு அது வேணாம். பழையபடி எல்லாத்தையும் காலாலயே பாத்துக்கறேன்" என்றார்.

கேபிள் இல்லையென்றால் என் விரலும் இல்லை. ஏப்ரல் பதினொன்றில் இவர் அந்த அலறலோடு வாசிப்பார், அது பதிவாகும், அதோடு முடிந்தது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று உள்ளதையும் கெடுத்துவிட்டேனே.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரம், பூஜை நேரம், நல்ல நேரம் எதுவும் பார்க்கவில்லை. அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது, நின்ற வாக்கில் சொன்னேன்.

"மெஷின் தானா எறக்கலங்க. நான்தான் எறக்கினேன்."

ஏன் என்றார். சொன்னேன். மாஸ்டர் சொன்னது, துணி மெஷின், ட்ரம்மரின் பஞ்சு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப என்னைச் செவிடுன்னு சொல்றே."

"அப்படிச் சொல்லலங்க—"

"ஊரே சேந்து நாடகம் போட்டிருக்கீங்க. நான் பொம்ம மாதிரி வாசிச்சிருக்கேன். அன்னைக்கு வண்டில 'ஆமாங்க'ன்னியே, அது எதுக்கு?"

ஒரு ஷூவின் நாடாவைக் கட்டாமலே போய்விட்டார்.

மார்ச் 25, புதன்

நான் வைத்த காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

மார்ச் 27, வெள்ளி

மத்தியானம் திடீரென்று, "பயிற்சி ரூமுக்கு வா. உன் கேபிளயும் எடுத்துக்க" என்றார்.

யாருமில்லை. கீழே பட்டறையிலும் சாப்பாட்டு நேரம். எல்லாவற்றையும் அவரே மாட்டினார். பெடலைக் கழற்றித் தள்ளி வைத்தார். பெட்டியின் திரைமேல் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையைப் போட்டு மூடினார். கிதாரை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"நான் வாசிக்கிறேன். நீ எப்ப வேணா எறக்கு, எப்ப வேணா ஏத்து. மாறினா நான் சொல்றேன்."

வெறும் நாலு ஸ்வரம். திரும்பத் திரும்ப அதையே வாசித்தார். நான் உச்சியிலிருந்து அடிவரை இறக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடியிலிருந்து உச்சிக்கு ஏற்றினேன், எனக்கே காது கூசியது. ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்போ!" என்றார். "இப்போ எறக்கினே. கரெக்டா?"

என் கை மடியிலேயே இருந்தது. முதுகைக் காட்டி நின்றவருக்கு அது தெரியாது. ஒரே வார்த்தை. "கரெக்டுங்க" என்றால் போதும், இன்றைய பொழுது நல்லபடியாகப் போகும், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. வண்டியில் சொன்ன அந்த "ஆமாங்க" நினைவுக்கு வந்தது.

"இல்லங்க" என்றேன்.

மறுபடி வாசித்தார். நான் அடிவரை இறக்கிவிட்டு அப்படியே விட்டேன். வெகு நேரம் வாசித்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மறு பக்கமாகச் சாய்த்து, ஆம்ப் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து. கடைசியில் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்ப எங்க இருக்கு?"

"கீழ. அடியில."

"எப்பலேர்ந்து?"

"இந்தத் தடவ நீங்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

கிதாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தார். தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடலாமா என்று தெரியவில்லை. தொட்டேன், விலக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

காது டாக்டர். வயதும் ஆம்ப் பக்கத்திலேயே நின்ற வருடங்களும் சேர்ந்து வாங்கியது என்றார். மெல்லிய கூர்ச் சத்தங்கள் போய்விட்டன, இனி வராது. மற்றது நன்றாக இருக்கிறது, காப்பாற்றிக்கொள்ளலாம். காதில் மாட்டும் மெஷின் பழக மாதங்கள் ஆகும் என்றார். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாசிக்கலாமா?" "தாராளமா" என்றார் டாக்டர். அந்த மனுஷரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

மாஸ்டரிடம் இவரே சொன்னார். எல்லோர் முன்னாலும். நான் தடுத்தும் கேட்கவில்லை.

"மாஸ்டர், எனக்கு மேல் சத்தம் காதுல விழல. இனிமே ட்ரெபிள் இவ கையில. பெடல கழட்டிட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

ட்ரம்மர் குச்சியை உருட்டிக்கொண்டு கீழேயே பார்த்தான். மாஸ்டர் மைக் ஸ்டாண்டின் திருகை இறுக்கினார். பிறகு, "பதினொண்ணாம் தேதி பாப்போம். அதுக்கு மேல என்கிட்ட இப்ப எதுவும் கேக்காதீங்க" என்றார்.

மேல்வரம்பு கட்டி, அடையாள எண்ணை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முடியும்வரை எழுந்து போகவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

சோறு இறங்கவில்லை. இரண்டு பேருக்கும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நேற்று முடிந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. பதிவுக்காரர்கள் பின்னால் ஒரு அறையில். ஏதாவது ஒரு இடத்தில் தவறினால் மறுபடி வாசிக்க முடியாது. முதல் மூன்று பாட்டு வரை என் விரல் கட்டையாக இருந்தது. எவ்வளவு ஏற்றுவது என்று எனக்குத் தெரியும். எப்போது ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை. பயிற்சியில் குறித்து வைத்த இடமெல்லாம் மேடையில் பொய்யாகிறது. இவர் ஒரு நாள் வாசிப்பது போல மறுநாள் வாசிக்கிறவரா? இவர் பொங்கி எழும்போது ஒலி பின்தங்கியது, அடங்கியபின் கூர்ந்தது. மாஸ்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நாலாவது பாட்டில் கிதார் மட்டும் தனியாக வரும் நீளமான இடம். இவர் கண்ணை மூடினார். தற்செயலாகக் கீழே பார்த்தேன். பெடல் இருந்த இடத்தில் இப்போது வெறும் பலகை. அந்தப் பலகையை இவர் வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தி, விட்டு, பாதி அழுத்தி, மெல்ல மெல்ல இறக்கி.

அதற்குப் பிறகு நான் லேப்டாப்பைப் பார்க்கவேயில்லை. அந்தக் கால் அழுத்தியபோது ஏற்றினேன், விட்டபோது இறக்கினேன். கடைசிப் பாட்டு வரைக்கும் அப்படியே.

முடிந்ததும் மாஸ்டர் வந்தார். பாராட்டெல்லாம் இல்லை. அடுத்த மாதத் தேதிகளைச் சொன்னார். "ரெண்டு பேரும் ஃப்ரீயா வச்சுக்கங்க" என்றார்.

இன்று காலை காபியோடு இவர் கேட்டார், "நாலாவது பாட்டுல எங்க ஏத்தணும், எங்க எறக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க காலப் பாத்துத்தான்."

"காலா? அங்க பெடலே இல்லையே."

"இல்லதான்" என்றேன்.

இவர் குனிந்து தன் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.