செவலை குடித்த தண்ணீர்

பாளையங்கோட்டை,
1908-ம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ந் தேதி.

அப்பாத்துரை அறியவேண்டியது.

இது யாருடைய கையெழுத்து என்று உனக்குத் தெரியப்போவதில்லை. எழுத்தே அறியாதவனுக்கு யார் கையெழுத்தானால் என்ன? ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவன் உன் அண்ணன் ஞானசிகாமணி. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதுகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே.

கோட்டாற்றுக் கடையில் கணக்கெழுதும் வைத்தியலிங்கம் பிள்ளையவர்கள்தான் வண்டிக்காரர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்கிறவர் என்று தளவாய் சொன்னான். பிள்ளையவர்களுக்கு என் வந்தனம். என் சொல்லில் உறைப்பு இருந்தால் தாங்கள் அதை இளக்கி வாசிக்க வேண்டாம். உள்ளபடியே அவன் காதில் விழட்டும்.

விஷயம் இதுதான். உன் வண்டிக்குப் பின்னாலேயே பத்து வருஷமாக வண்டி ஓட்டும் தளவாய் நேற்று தேங்காய்ப் பாரத்தோடு ஊர் வந்தான். பணகுடி வண்டிப்பேட்டையில் போன வாரம் இரண்டு வண்டிக்காரர்கள் வாந்திபேதியில் செத்தார்களாம். ஒருவன் காலையில் மாட்டுக்கு லாடம் கட்டியவன், விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை. பேட்டைக் கிணற்றில் சர்க்கார் ஆட்கள் வந்து ஊதா மருந்து போட்டிருக்கிறார்கள். தண்ணீர் சிவந்துவிட்டதாம். அதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களாம். "கிணத்துக்கு வெத்தலை போட்டு விட்டுருக்கானுவ அண்ணாச்சி" என்று தளவாய் என்னிடமும் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் என்னை எழுதவைத்தது. உன் செவலைக் காளை அந்தக் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதாம். உடனே வரிசையில் நின்ற ஏழு வண்டிகளும் கிணற்றை விட்டு மேற்கே மலை ஓடைக்குப் போயினவாம். அங்கே செவலை குடித்தது. பிறகு நீங்களும் குடித்தீர்கள்.

மாடு குடித்த தண்ணீர் மனிதனுக்கு ஆகும், மாடு ஒதுக்கிய தண்ணீர் ஆகாது என்று அப்பா காலத்திலிருந்து நீங்கள் நம்பி வருகிறீர்கள். நானும் சின்ன வயதில் நம்பினேன். இப்போது கவனமாகக் கேள். வாந்திபேதி மாட்டைத் தொடாது. அது மனிதனுக்கு மட்டும் வருகிற நோய். மருந்தின் வாடை மாட்டுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நோய்க்கு மருந்து போட்ட தண்ணீரை ஒதுக்கிவிட்டு, நோய் இருக்கிற தண்ணீருக்கு அந்த மாடு உங்களை நடத்திக்கொண்டு போகிறது. அந்தக் கிணற்றிலேயே இறைத்துக் கொதிக்கவைத்துக் குடி.

சொன்னால் கேட்கமாட்டாய். அப்பாவும் சொல் கேட்காதவர்தான். மூன்றடைப்பு ஊருக்கு இப்பால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்து, தன் வண்டிச் சக்கரமே தன்மேல் ஏறிச் செத்துப்போனார். மாடுகள் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தன. அன்றைக்கு நீ அந்த மாடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய். எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூத்தவனுக்குப் படிப்பும் இளையவனுக்கு வண்டியும் என்று அப்பா பிரித்தபோது, நல்ல பங்கு எனக்கென்று ஊரார் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் இரண்டாம் வாத்தியார். எனக்குப் பின்னால் வந்த சாலமோன் தலைமை வாத்தியார். அவன் மாமனார் சபைக் கமிட்டியில் இருக்கிறார். ஆலயத்தில் கமிட்டிக்காரர்கள் என்னைக் கண்டால் உன் காளைகளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்.

நம் தங்கை இன்பமணியை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்கமாட்டாய். காய்ச்சலில் கிடந்தவளுக்கு அந்த ஓடைத் தண்ணீரைத்தானே பீப்பாயில் கொண்டுவந்தாய். மறுநாள் வாந்திபேதி, அதற்கு மறுநாள் கல்லறைத் தோட்டம். ஆலய வாசலில் நான் உன்னைச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நினைக்காதே.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

ஞானசிகாமணி

~

பாளையங்கோட்டை,
அக்டோபர் 24, சனிக்கிழமை.

அப்பாத்துரைக்கு,

தளவாய் மூலமாக நீ சொல்லி அனுப்பிய பதில் கிடைத்தது. பிள்ளையவர்கள் என் கடிதத்தை வாசித்தபோது கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்களாம். வாத்தியார் கடிதம் என்றால் பிரம்படி இல்லாமல் இருக்குமா என்று ஒருவன் கேட்டானாம். நீ மட்டும் சிரிக்காமல், "அண்ணன் ஒடம்பு சொகமா இருக்கானான்னு பாத்துட்டு வாலே. மத்ததைச் செவலை பாத்துக்கிடும்" என்றாயாம்.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பித்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் மதினிக்கு முழங்கால் வலி. ஆற்றில் செங்காவி வெள்ளம் போகிறது, இறங்கிக் குளிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாதிப்பேர் வருவதில்லை, நோய்க்குப் பயந்து தாய்மார் அனுப்புவதில்லை.

கணவாயில் நோய் பார்க்க வைத்திருக்கும் சாவடியைப் பற்றித் தளவாய் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோய் கண்டவன் வண்டியில் இருந்தால் அந்த வண்டியைப் பத்து நாள் நிறுத்திவிடுகிறார்கள் என்றும், பின்னால் வருகிற வண்டிகளும் அதோடு நிற்கவேண்டும் என்றும் சொன்னான். ஆகையால் சாத்தான்குளத்து இஸ்ரவேலுக்கு வயிறு போக ஆரம்பித்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் கருப்பட்டிச் சிப்பத்தை அண்டைகொடுத்து, இடுப்பை வண்டியோடு கட்டி, கையில் மாடு ஓட்டும் தார்க்குச்சியைச் சொருகி, தலைப்பாகையை முகத்துக்கு இறக்கிவிட்டீர்கள். சாவடிக்காரன் கேட்டதற்கு, "அசந்து தூங்குதான், அய்யா" என்று நீ சொன்னாய். வண்டி போய்விட்டது. தோவாளையில் கட்டை அவிழ்த்தபோது அவன் உடம்பு விறைத்திருந்தது.

தளவாய் இதை என்னிடம் சொன்னது உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக.

அவனுக்கு வாயில் தண்ணீர் விட யாரும் இல்லை அப்பாத்துரை. தூங்குகிறவனைப் போல இருக்கவேண்டும் என்பதற்காக யாரும் அவன் பக்கம் போகவில்லை. உனக்கு அப்படி வந்தால் உன்னையும் அப்படித்தான் கட்டுவார்கள். அந்தக் கயிறு எந்த இடத்தில் இறுக்கும் என்றுகூட நான் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

தெருவில் காளைச் சலங்கை கேட்டால் வாசலுக்குப் போகிறேன். மழை வருகிறதா என்று பார்த்தேன் என்று உன் மதினியிடம் சொல்கிறேன். அவள் வானத்தைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறாள்.

உன் மனைவி ஞானசௌந்தரி நேற்று நம் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. நான் உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. நீ போகும்போது இருமிக்கொண்டு போனாயாம், கண் இரண்டும் தூக்கமில்லாமல் ரத்தமாய்ச் சிவந்திருந்ததாம். கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: பாரம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வெறும் வண்டியாக வந்துசேரச் சொல்லுங்கள் என்று. சேர்த்துவிட்டேன்.

ஊருக்கு வா. என் வீட்டுக்கு வரவேண்டாம், உன் வீட்டுக்கு வா.

ஞானசிகாமணி

~

பணகுடி வண்டிப்பேட்டை,
நவம்பர் 2, திங்கட்கிழமை.

என் தம்பி அப்பாத்துரைக்கு,

இங்கிருந்து ஏழு கல் தொலைவில் கணவாய் இருக்கிறது. அதைத் தாண்டினால் கோட்டாறு. எங்களை விடமாட்டேன் என்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து போகிற ஆட்கள் ஐந்து நாள் பேட்டையில் இருந்து, நோயில்லை என்று தெரிந்தபின்தான் போகலாமாம். இன்றைக்கு முதல் நாள். தபால் பை மட்டும் நிற்காமல் போகிறது. அதனால் நாளைக் காலையில் இந்தக் கடிதம் உன்னிடம் இருக்கும்.

வைத்தியலிங்கம் பிள்ளையவர்களுக்கு: தங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்த நாழிகையே புறப்பட்டுவிட்டோம். முன்பு என் சொல்லை இளக்க வேண்டாம் என்று எழுதினேன். இப்போது அந்த முட்டாள்தனத்தை மன்னித்து, இதைக் கடையில் வைத்து வாசிக்காமல், அவன் படுத்திருக்கும் கொட்டகைக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, பைய வாசித்துச் சொல்லவேண்டும். தங்களுக்கு அந்நியமான ஒரு குடும்பத்தின் வெட்கம் தங்கள் வாயால் வரவேண்டியிருக்கிறது.

தம்பி, செவ்வாய்க்கிழமை உனக்கு நோய் கண்டது என்றும், வியாழக்கிழமை வாந்தி நின்றது என்றும் பிள்ளையவர்கள் எழுதியிருக்கிறார். இரண்டு நாளைத் தாண்டினவன் பிழைப்பான். ஆனால் கண் குழிந்து, குரல் அடங்கி, உடம்பில் சொட்டு ஈரமில்லாமல் கிடக்கிறாய் என்றும் எழுதியிருக்கிறார். காய்ச்சி ஆற்றிய தண்ணீரை உதட்டில் வைத்தால், "செத்த தண்ணிய நான் குடிக்கமாட்டேன்" என்று துப்புகிறாயாம். செவலை குடிக்கிற குளத்துத் தண்ணீர்தான் வேண்டும் என்கிறாயாம்.

நீ ஏன் துப்புகிறாய் என்பது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

காய்ச்சிய தண்ணீரைக் குடித்தால், காய்ச்சாத தண்ணீர் கொல்லும் என்று நீ ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்படியானால் இன்பமணியைக் கொன்றது நீ கொண்டுவந்த பீப்பாய் என்றும் ஆகும். ஆலய வாசலில் ஊர் பார்க்க நான் உன்னை, தங்கையைக் கொன்றவன் என்று சொன்னேன். நீ என்னை எதிர்த்துப் பேசவில்லை. "செவலை குடிச்சுதுண்ணே" என்று மட்டும் சொன்னாய். ஒன்பது வருஷமாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாய். அதை விட்டுவிடு என்று நான் கடிதம் எழுதினால் நீ எப்படி விடுவாய்?

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ பீப்பாயை இறக்கி வைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனாய். இதைப் போலவே அப்போதும் ஐப்பசி மழை. ஆற்றுத் தண்ணீர் சேறாக இருந்தது. வாய் கசக்கிறது, மலைத் தண்ணீர் வேண்டும் என்று இன்பமணி கேட்டாள். காய்ச்சித் தரட்டுமா என்று உன் மதினி என்னிடம் கேட்டாள். விறகெல்லாம் நனைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் பாடத்தை நான் நாலாம் வகுப்புக்கு நடத்தியிருந்தேன், பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தேன். ஆனாலும், மலைத் தண்ணீர்தானே, என் தம்பி கொண்டுவந்ததுதானே என்று சொல்லி, நானே பீப்பாயைச் சாய்த்துச் செம்பில் பிடித்து, அவள் தலையைத் தூக்கிக் குடிக்கக் கொடுத்தேன். இரண்டு செம்பு குடித்தாள். நன்றாயிருக்கிறது அண்ணே என்றாள்.

நீ தெரியாதவன். நான் தெரிந்தவன். குற்றம் யாருடையது?

ஒன்றும் தெரியாத உன்மேல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊர் அதை நம்பியதும் நானும் நம்பிக்கொண்டேன். உன் மதினிக்கு மட்டும் தெரியும். அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தருகிறபோதெல்லாம், காய்ச்சினது என்று சொல்லித்தான் தருகிறாள். தலைமை வாத்தியார் வேலை கிடைக்காமல் போனதையும், கமிட்டிக்காரர்களையும் பற்றி நான் வைத்திருக்கிற வருத்தங்களெல்லாம் இந்த ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்கு வைத்துக்கொண்டவையோ என்று இங்கே உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிறது.

ஞானசௌந்தரி என்னோடு வந்திருக்கிறாள். மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டி, ஊதா மருந்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சுகிறாள். பேட்டையில் உள்ளவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "என்ன எழுதுதிய, அத்தான்?" என்று கேட்டாள். எழுதினதை முழுவதும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் ஆற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

இன்று மத்தியானம் ஒரு சவத்தை இந்த வழியாக எடுத்துப்போனார்கள். ஓலைப்பாயில் சுற்றியிருந்தார்கள், கால் மட்டும் வெளியே தெரிந்தது. வண்டிக்காரனின் கால், குதிகால் வெடித்திருந்தது. உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும், நீ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். தெரிந்தும் எழுந்து ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிள்ளையவர்களே, தங்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பெரிய பானைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஆறினதும் அதில் பாதியைத் தனி வாளியில் ஊற்றி, அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செவலையைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் முன்னால் வையுங்கள். அதற்கும் அவனோடு அலைந்து வயதாகிவிட்டது, தாகத்தோடுதான் இருக்கும். அது குடிக்கும். குடிப்பதை அவன் பார்க்கட்டும். பிறகு பானையில் இருக்கிற பாதியிலிருந்து கரண்டி கரண்டியாக அவனுக்குக் கொடுங்கள்.

தம்பி, உன் வழக்கத்தை நான் இனிக் குறை சொல்லமாட்டேன். செவலை குடித்த தண்ணீர்தான் அது. வெள்ளிக்கிழமை இவர்கள் என்னை விட்டுவிடுவார்கள். நான் வந்து உன் தலையைத் தூக்கி என் கையால் தருகிறவரைக்கும், பிள்ளையவர்கள் கையால் குடித்துக்கொண்டிரு.

கர்த்தர் உன்னை எனக்கு மிச்சம் வைப்பாராக.

உன் அண்ணன்,
ஞானசிகாமணி