நீர்மேட்டில் நான்கு விசில்

நாள் 412 | காலை 09:10

காற்றழுத்தம் சரி. பேட்டரி 94. வெளியே மைனஸ் 61.

பூமியின் சிக்னல் ஒருநாள் நிற்கும் என்று நான் ஆறு மாதம் முன்பே சொன்னேன். யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன். இதைக் கண்டெடுக்கிறவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியது: முதலில் சொன்னவன் ஆவுடையப்பன். செவ்வாயின் வடக்கு டவருக்கு ஒரே பொறுப்பாளர், ஒரே ஊழியர், ஒரே சமையல்காரர். ஐ.டி.ஐ.யில் ஒன்றரை வருடம் படித்தவன். மீதிப் படிப்பை அனுபவத்தில் முடித்துக்கொண்டேன்.

சிக்னல் நின்று நான்கு நாள். காரணம் தெரியவில்லை. டவரில் பழுதில்லை, மூன்று முறை ஏறிப் பார்த்தேன்.

இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் தெற்கே, பள்ளத்தில், நீர்மேடு குடியிருப்பு. முப்பத்தெட்டுப் பேர். அவர்களுடைய பெரிய ஆன்டெனாவைப் போன வருடப் புழுதிப் புயல் முறித்துவிட்டது. புயல் நாற்பது மாடி உயரம். சரி, பத்து மாடி. அதிலிருந்து பூமி என்ன சொன்னாலும் முதலில் என் காதுக்கு வரும்; தினமும் 11:40 இணைப்பில் நான் அவர்களுக்குச் சொல்வேன்.

எல்லாரும் நம் தென் மாவட்டத்து ஆட்கள். வெயில் தாங்குவோம் என்று பொறுக்கி எடுத்தார்கள். இங்கே வெயிலே கிடையாது. என் அக்கா மகள் செண்பகமும் அங்கேதான், பயிர்க் கூடாரத்தில் வேலை. நேற்று இணைப்பில் என் முன்னறிவிப்பை அவளுக்கு நினைவூட்டினேன்.

"அளக்காதீய மாமா. போன மாசம் இங்க மழை பெய்யும்னுல்லா சொன்னீய?"

மழை என்று சொல்லவில்லை. ஈரப்பதம் என்று சொன்னேன்.

நாள் 419 | பகல் 12:05

பேட்டரி 93. வெளியே மைனஸ் 64.

நேற்று சூசை என்கிற வெல்டர் தலைக்கவசம் இல்லாமல் நீர்மேட்டின் வெளிக்கதவைத் திறந்து நடந்துவிட்டான். பன்னிரண்டு அடி போயிருக்கிறான். இதைச் சொன்னவர் டாக்டர் ரெஜினா, குடியிருப்பின் தலைவி. அதேபோல் போகப் பார்த்த இன்னும் இரண்டு பேரைக் கட்டிலோடு கட்டி வைத்திருப்பதாகவும் சொன்னார். அவர் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் சரியில்லை.

பிறகு செண்பகம் வந்தாள்.

"மாமா, ஒண்ணுமே கேக்கலியா?"

"கேட்டுச்சு தாயி," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது.

"என்ன கேட்டுச்சு?"

"ஒரு பொம்பளைக் குரல். 'இருக்கிற எடத்துலயே இருங்க, வாறோம்'னு சொல்லிச்சு. அதுக்குள்ள அத்துப் போச்சு."

"அளக்காதீய."

"அளக்கலட்டி. பின்னால குக்கர் விசில் கூட கேட்டுச்சு. மூணு விசில்."

அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள். பிறகு பல பேர் அழுதார்கள். பொய் சொல்கிறவன் குக்கரைச் சேர்த்துச் சொல்ல மாட்டான் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எனக்கு அது தானாக வரும்.

பதிவுக்காக: குரல் எதுவும் வரவில்லை. இரைச்சல் மட்டும்தான். பதினொரு நாளாக அதே இரைச்சல்.

கட்டிலில் கட்டியிருந்த இருவரையும் மாலையில் அவிழ்த்துவிட்டார்களாம்.

நாள் 431 | பகல் 11:58

பேட்டரி 93. வடிகட்டி மாற்றினேன்.

நீர்மேட்டில் இப்போது தினமும் 11:40க்குக் குக்கர் வைக்கிறார்கள். உள்ளே தண்ணீர் மட்டும். மூன்று விசில் வரும்வரை முப்பத்தேழு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வடக்கே பார்த்து நிற்கிறார்கள். வடக்கே நான் இருக்கிறேன். விசில் முடிந்ததும் செண்பகம் அந்தச் சொல்லைச் சொல்கிறாள்: "இருக்கிற எடத்துலயே இருங்க, வாறோம்." மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்.

யாரும் இதைத் தொடங்கி வைக்கவில்லை. முதல் நாள் யாரோ விளையாட்டுக்குக் குக்கர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் வைக்க மறந்ததும் ஒருத்திக்குக் கைகால் நடுங்கியிருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து மறப்பதில்லை.

சூசைக்குப் பிறகு யாரும் கதவைத் திறக்கவில்லை. நான் இதை எதிர்பார்த்தேன்.

நாள் 455 | பகல் 13:20

பேட்டரி 91. வெளியே மைனஸ் 72. குளிர்காலம் இறங்குகிறது.

பிரச்சினை. குரலைப் பற்றி இதுவரை இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். போன வாரம் சொன்னபோது நான்கு விசில் என்று சொல்லிவிட்டேன் போல. இன்று இணைப்பில் இரண்டு கூட்டம்.

"அண்ணாச்சி, மொதல்ல மூணுன்னு சொன்னீய. மூணுதான் சரி. சாதத்துக்கு மூணு."

"பருப்புக்கு நாலு! அந்தம்மா பருப்பு வச்சிருந்தா என்ன செய்வீய?"

"மூணு வச்சவங்க நாங்க. நேத்து நாலாவது விசில் வேணும்னு இந்த நாலு விசில்காரன் அடுப்பை அணைக்க விடல அண்ணாச்சி. கையைப் புடிச்சு முறுக்கிட்டான்."

நான்காவது மிகவும் மெல்லக் கேட்டது, அதனால் முதலில் கணக்கில் சேர்க்கவில்லை என்று தீர்ப்பு சொன்னேன். இரு தரப்பும் ஏற்றுக்கொண்டார்கள். இனி மூன்று விசில் பலமாக, நான்காவது பாதியில் அடுப்பை அணைத்து. நல்ல தீர்ப்பு.

பிறகு டாக்டர் ரெஜினா பேசினார். குடியிருப்பு விதிப்படி எந்த மதத்தாருக்கும் வழிபாட்டு நேரத்தில் வேலை கொடுக்கக் கூடாது. இதை மதம் என்று பதிவதா, பழக்கம் என்று பதிவதா என்று கேட்டார்.

இந்த விஷயத்தில் எனக்குப் படிப்பு உண்டு. வரும் வழியில் ஏழு மாதம் கப்பலில், உலக மதங்கள் எப்படித் தோன்றின என்று ஒரு பாடத்தொடர் கேட்டேன். முப்பது பாகம். பதினொன்று வரை கேட்டேன், மீதியை ஊகித்துக்கொண்டேன். அந்தப் பேராசிரியரம்மா பதினொரு பாகத்திலும் மதம் என்றால் என்ன என்று சொல்லி முடிக்கவில்லை. தெய்வம் இருந்தால் மதம் என்பார். உடனே, தெய்வத்தைப் பற்றிப் பேசாமலே நெடுங்காலம் நின்ற வழிகள் உண்டே என்பார். நூல் என்பார், நூலே இல்லாமல் மலையையும் ஆற்றையும் மூத்தவர்களையும் கும்பிட்ட மக்களைக் காட்டுவார். செத்தவர்களை மண்ணில் வைத்துப் பக்கத்தில் ஒரு மணிமாலையை வைத்தவன் மனதில் என்ன இருந்தது, அதற்குப் பெயர் என்ன என்று நம்மையே கேட்பார். தொடங்கியவர்கள் யாருக்கும் தாங்கள் ஒன்றைத் தொடங்குகிறோம் என்று தெரியாது என்றும் சொன்னார். அது பன்னிரண்டாம் பாகத்தில் வருவதாக இருந்தால், நான் ஊகித்தது.

ரெஜினாவிடம் என் இலக்கணத்தைச் சொன்னேன்: கேட்டவன் ஒருவன், கேளாதவர் பலர், நடுவில் ஒரு நேரம்.

அவர் அருகில் நின்ற எலக்ட்ரீசியன் காதர் மைதீன் குறுக்கே பேசினார்.

"அது பத்தாது அண்ணாச்சி. கேள்வி கேட்டா கோவம் வரணும். நேத்து வந்துட்டுது. பதிஞ்சிருங்க டாக்டரம்மா."

பதிந்துவிட்டார்.

நாள் 478 | பகல் 12:40

பேட்டரி 88. வெளியே மைனஸ் 83.

நீர்மேட்டின் மூன்று வெப்ப உலைகளில் இரண்டு நின்றுவிட்டன. மூன்றாவதை இன்னும் மூன்று வாரம் ஓட்டலாம் என்கிறார் காதர். உதிரிபாகம் பூமியில்.

தெற்கே ஆறு நாள் பயணத்தில் பழைய சேமிப்புக் கிடங்கு இருக்கிறது. ஆளில்லை. அணு உலை நன்றாக ஓடுகிறது, உணவும் உண்டு. நீர்மேட்டில் நான்கு வண்டி, வண்டிக்குப் பத்துப் பேர். ஆனால் நாள் 490க்குள் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு சூரியன் மங்கி வண்டி பேட்டரி ஏறாது. பாதி வழியில் நிற்கும்.

எனக்கு ஆபத்தில்லை. இங்கே சிறிய அணுச் சூடேற்றி இருக்கிறது. ஒரு ஆளுக்குப் போதும். என் வண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாது.

கிளம்ப மாட்டோம் என்கிறார்கள். இருக்கிற இடத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறது.

காதர்: "நான் அஞ்சு வேளை தொழுறவன். கும்புடுறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கும்புட்டுட்டுக் கிளம்பணும், அவ்வளவுதான்."

செண்பகம்: "அவிய வந்து பாக்கும்போது நாம இல்லன்னா? திரும்பிப் போயிருவாவ காதர் அண்ணே. மொதல்ல எங்க தேடுவாவ? இங்கதான?"

ஓட்டெடுப்பு நாள் 489. டாக்டர் ரெஜினா எந்தப் பக்கமும் பேசவில்லை. பெரும்பான்மை எப்படியோ அப்படி என்றார்.

நாள் 484 | காலை 10:15

வெளியே மைனஸ் 86.

சொல்லிவிடப் போகிறேன். எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றாவது நன்றாக இருக்கிறது.

நாள் 489 | பகல் 14:00

பேட்டரி 86. வெளியே மைனஸ் 88.

சொல்லிவிட்டேன்.

ஓட்டெடுப்புக்கு முன் செண்பகம் எல்லார் முன்னாலும் இணைப்பைத் திறந்து, "மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க, குரல் கேட்டீயளா?" என்றாள். நான் தெளிவாகச் சொன்னேன்: "கேக்கல. ஒண்ணுமே கேக்கல. சூசை செத்த துக்கத்துல நானா சொன்னது. குக்கரும் நானா சொன்னது. வண்டியில ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க."

நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது இதுவே முதல் தடவை.

அவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. செண்பகம் சொன்னாள்: "மாமாவுக்குத் தனியா இருந்து மனசு ஒடஞ்சு போச்சு. நம்ம உசுருக்குப் பயந்து இப்படிச் சொல்லுதாவ." ஒருவர், "கேட்டவருக்குத்தான் சோதனை மொதல்ல வரும்," என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

ஒரு தடவை சொன்னதைச் சொன்னவனாலேயே திரும்ப வாங்க முடியாது. இது பாடத்தொடரில் இல்லை. என்னுடையது.

தங்குவதற்கு முப்பது. போவதற்கு ஏழு. காதரும் ஆறு பேரும் ஒரு வண்டியில் கிளம்பினார்கள்.

என்னால் ஆனதைச் செய்தேன். பதிவுக்காக.

நாள் 495 | பகல் 12:10

வெளியே மைனஸ் 90.

தெற்குக் கிடங்கிலிருந்து காதர்:

"வந்து சேந்துட்டோம் அண்ணாச்சி. சூடு இருக்கு. சாப்பாடு இருக்கு. இங்க நாப்பது கட்டில் கெடக்கு. ஏழு பேரு ஏழு மூலையில கெடக்கோம். வண்டியில சார்ஜ் ஏற மாட்டேங்கு. திரும்பி வர முடியாது. அவங்கள்ட்ட சொல்லிருங்க."

சொன்னேன். ரெஜினா சரி என்றார். உலையைக் குறைத்து ஓட்டுகிறார்களாம். முப்பது பேரும் சமையலறையில் ஒன்றாகப் படுக்கிறார்கள்.

நாள் 499 | பகல் 11:52

மூன்றாவது உலை நேற்று நின்றது. கணக்குக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

செண்பகம்: "மாமா, இன்னைக்கு வருவாவளா?"

வடிகட்டி மாற்றினேன்.

நாள் 502 | பகல் 11:49

பேட்டரி 83.

இணைப்பில் யாரும் பேசவில்லை. குக்கர் மட்டும். ஒரு விசில். இரண்டாவதற்கு நேரம் எடுத்தது. வந்தது. மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.

நாள் 503 | பகல் 11:40

இல்லை.

நாள் 504 | பகல் 11:40

இல்லை. வெளியே மைனஸ் 91. காலையில் உப்புமா செய்தேன். அளவு கூடிவிட்டது.

நாள் 508 | பகல் 11:40

இல்லை. பூமியும் இல்லை. டவரில் பழுதில்லை.

நாள் 512 | பகல் 11:20

காதர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். ஓட்டுக்கு முன்னால செண்பகம் உங்கள்ட்ட கேட்டப்ப நான் அவ பக்கத்துலதான் நின்னேன். கேட்டேன்னு சொன்னீய. அதுக்குப் பொறவுதான் பன்னெண்டு பேரு கைய எறக்கினாவ. என்கூட வாறேன்னு சொன்ன பன்னெண்டு பேரு. இப்ப அங்க யாரும் இல்ல. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நெசமாவே கேட்டீயளா?"

இணைப்பை அணைத்தேன்.

இதைக் கண்டெடுக்கிறவருக்கு. நாள் 489 குறிப்பில் நான் எழுதியது நடக்கவில்லை. அவர்கள் சிரிக்கவில்லை. சோதனை என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. சொல்லிப் பார்க்கவில்லை. எழுதி வைத்த மூன்றாவது விதம் கையில்தான் இருந்தது. நான்கு வரி.

நடந்தது இவ்வளவுதான். செண்பகம் இணைப்பைத் திறந்தாள். கேட்பதற்கு முன் அங்கே கூடியிருந்தவர்களைப் பார்த்து, "எங்க மாமா பொய் சொல்ல மாட்டாவ," என்றாள். எனக்கு ஐம்பத்தேழு வயது. என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு அவள் கேட்டாள். கேட்டேன் தாயி என்றேன்.