அந்தப் பிட்சரை ஏன் கொடுத்தீர்கள், அண்ணே?

அண்ணே,

உங்கள் ஹெட்போன் என் மேசையில் கிடக்கிறது. காது மெத்தையின் கறுப்புத் தோல் உரிந்து விரலில் ஒட்டுகிறது. நீங்கள் நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாடை இன்னும் போகவில்லை. கருமாதி முடிந்து புறப்பட்டபோது அண்ணி இதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. அலுவலகத்தில் அத்தனை பேர் இருக்க, இது ஏன் எனக்கு? அங்கேயே கேட்கத் தைரியம் வரவில்லை.

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் எனக்கு வந்த ரொட்டி சானாய் கொஞ்சம் சின்னதாக இருந்தால்கூட, ரொட்டி போடுபவர் என்னைக் குறிவைக்கிறார் என்பேன். "சாப்புடுலா, மாவுக்கு உன் மூஞ்சி தெரியாது" என்பீர்கள்.

ஈப்போவில் உட்கார்ந்து நாம் பார்த்தது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு ஆவண வேலை. அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர்தான் ஃபேண்டஸி பேஸ்பாலை நம் தலையில் கட்டினார். நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி சேர்க்க வேண்டும். அவர்கள் அங்கே நன்றாக ஆடினால் நமக்கு இங்கே புள்ளி. அவர்களுக்கு ராத்திரி ஆட்டம், நமக்குக் காலையில் பசியாறும் நேரம். பேஸ்பாலைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில், பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓடும் ரவுண்டர்ஸ் ஆடியதை வைத்துக்கொண்டு நீங்கள் பெரிய நிபுணர் மாதிரி பேசினீர்கள். நான் இரண்டு நாள் கண் விழித்துப் புள்ளிவிவரம் படித்து ஆள் எடுத்தேன். நீங்கள் படத்தைப் பார்த்தே எடுத்தீர்கள். "இவன் மூஞ்சில கள்ளத்தனம் இல்ல. இவனப் போடு." உங்கள் மூஞ்சிகள் என் புள்ளிவிவரத்தை வாராவாரம் தோற்கடித்தன.

ஆள் எடுத்த அன்று நடந்தது நினைவிருக்கிறதா? நான் பின்மேசைப் பெண்ணிடம் குசுகுசுவென்று சொன்ன ஆட்டக்காரரை, என் முறை வருவதற்குள் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அப்போதும் ஹெட்போன் உங்கள் காதில்தான் இருந்தது, அதன் வயர் சட்டைப் பைக்குள் போயிருந்தது. அதன்பிறகு ஒரு வாரம் உங்களையே நோட்டம் விட்டேன். உங்கள் கால் ஒருநாளும் தாளம் போடவில்லை. உதடு அசையவில்லை. என்ன பாட்டு என்று கேட்டால், "பழைய பாட்டு, உனக்குப் புரியாதுலா" என்றீர்கள். மனுஷன் பாட்டே கேட்கவில்லை, ஒட்டுக் கேட்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீங்கள் மறுக்கவும் இல்லை.

அடுத்த வருடம் மேற்பார்வையாளர் பதவி காலியானது. மேனேஜர் மேடம் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அவரப் போடலாம்னு இருக்கேன், நீ என்ன நினைக்கிற?" என்றார். நீங்கள் ஒரு கை தூரத்தில், ஹெட்போனோடு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். நான் சொன்னேன்: "நல்ல மனுஷன்தான் மேடம். ஆனா எந்நேரமும் காதுல பாட்டு. நாலு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவாரு. ஆளுங்கள மேய்க்க அவருக்கு வராதுலா."

பதவி எனக்கு வந்தது. எதையும் சந்தேகப்படுகிற நான், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை முழுதாக நம்பினேன். அன்றைக்குக் கட்டாயம் பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்குப் பதவி வந்த அதே வாரம், உங்கள் அணியில் பந்து எறியும் ஆட்களிலேயே சிறந்த பிட்சரை எனக்குத் தர முன்வந்தீர்கள். பதிலுக்குக் கேட்டது, பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் உதவாக்கரை ஆள் ஒருவரை. எனக்கு மூக்கில் வேர்த்தது. பிட்சருக்குத் தோளில் அடியா, முழங்கையில் வலியா என்று மூன்று நாள் தேடினேன். ஒன்றும் இல்லை. "என்னண்ணே, இதுல என்ன உள்குத்து?" என்றேன். "ஒண்ணும் இல்லலா. நீ ஜெயிக்கணும்னு ரொம்ப ஆசப்படுற, ஜெயிச்சிட்டுப் போ" என்றீர்கள். அந்த வருடம் நான்தான் முதலிடம்.

போன வாரம், நீங்கள் கேட்ட பாட்டை நானும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். சத்தமே வரவில்லை. அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அது உள்ளுக்குள்ள வயரு அறுந்து வருசக் கணக்காச்சு தம்பி. நீங்க பேஸ்பால் ஆட ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே போச்சு. வேற வாங்குங்கன்னா கேக்கல. இத மாட்டிக்கிட்டா யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க, சிவனேன்னு வேல பாக்கலாம்பாரு."

அதை ஏன் எனக்குக் கொடுத்தார் என்று அப்போதுதான் அண்ணியிடம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொல்லிட்டாரு. இதுல என்ன பாட்டு ஓடுதுன்னு உங்களுக்கு ரொம்ப நாளாச் சந்தேகமாம். உங்ககிட்டயே குடுத்திரச் சொன்னாரு."

அதற்கும் சமாதானம் தேடினேன் அண்ணே. பாட்டு ஓடாவிட்டால் என்ன, மெத்தை இத்தனை தடிமன், ஒரு கை தூரத்துப் பேச்சு உள்ளே போயிருக்காது என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என் மனைவியை முதுகுப்பக்கம் ஒரு கை தூரத்தில் நிற்கச் சொன்னேன். தாழ்ந்த குரலில் ஏதாவது சொல் என்றேன்.

"என்ன சொல்ல?"

வாயில் வேறு எதுவும் வரவில்லை. மேடமிடம் சொன்னதையே சொல்லிக் கொடுத்தேன். அவள் அப்படியே சொன்னாள். ஒரு சொல் விடாமல் கேட்டது. அந்தக் கடைசி 'லா' கூடக் கேட்டது.

"யாரு, யாரச் சொன்னது?" என்றாள். ஹெட்போனைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

அவள் கேட்டாள்: "நாம இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னைக்கு, மொத ஆளா வந்து பீரோவத் தூக்குனாரே. இடுப்பு வலியோட பால் காய்ச்சுற வரைக்கும் நின்னாரே. அது இதுக்கு முந்தியா, பிந்தியாங்க?"

புதுப் பதவி கிடைத்த பிறகு வாங்கிய வீடு இது.

பிந்தி என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன், அண்ணே.