உன் கண்ணாடியும் என் ஈட்டியும்

மச்சான், நேற்று உன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தேன். திரை இருண்டு கிடந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று போனைச் சாய்த்தேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நீ எப்போதும் போனைக் கோணலாகப் பிடித்துப் படித்தது இதனால்தானா? சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன், நமக்குக் காட்டாமல் எதையோ படிக்கிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்.

கண்ணாடியை உன் மனைவிதான் போன மாதம் தந்தார். "நீங்களே வச்சிக்குங்கண்ணே. அவருகூட மீன் புடிக்க நீங்கதான போனீங்க" என்றார். நேற்றுவரை அதைத் தொட மனம் வரவில்லை.

படிவம் ஐந்தில் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். "தண்ணிமேல பட்டுத் திரும்புற வெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாட்டுல அதிரும்பா. இந்தக் கண்ணாடி அத விடாது, அதனால தண்ணிக்குள்ள இருக்கிறது நல்லா தெரியும். போன் வெளிச்சமும் ஒரே பக்கமாத்தான் அதிரும். அதான் நேரா புடிச்சா இருட்டாயிடுது" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது சந்தோஷம். சே, கண்ணாடிதானா!

பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்து வாய்க்காலில் இருவரும் ஈட்டியோடு நிற்போம், நீ மட்டும் இந்தக் கண்ணாடியோடு. எனக்குத் தண்ணீரில் வானம்தான் தெரியும். நீ "அந்தா, ஹருவான்லா" என்பாய். ஈட்டி இறங்கும், மீன் துள்ளும். என் மனைவிக்கு வயிற்றில் ஆப்பரேஷன் ஆனபோது, தையல் ஆற ஹருவான் சூப்பு கொடுக்கச் சொன்னார்கள். நான் வெறுங்கையோடு வீடு திரும்புவேன்; பின்னாலேயே நீ மீனோடு வருவாய். "அண்ணன் கை ராசியான கை" என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். தையல் எப்போதோ ஆறிவிட்டது. என் வயிற்றெரிச்சல்தான் ஆறவில்லை.

போன வாரம் உன் மனைவிக்கு முட்டியில் ஆப்பரேஷன். இந்த முறை மீன் என் கையால்தான் என்று இன்று காலை கண்ணாடியோடு கிளம்பினேன்.

தண்ணீரின் பளபளப்பே காணோம். தேத்தண்ணி நிறத்து வாய்க்காலில் ஹருவான் அசையாமல் நின்றது. குத்தினேன். சேறுதான் கலங்கியது. அப்போது நீ சொன்னது ஞாபகம் வந்தது: "தெரியிற எடத்துல மீன் இருக்காதுடா. தண்ணிய விட்டு வர்றப்ப வெளிச்சம் மடங்கும். கொஞ்சம் கீழ குத்து." கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஆழம் கூடினால் அதுவும் கூடும், தள்ளி நின்றால் அதுவும் மாறும். உன் கைக்கு அது தெரிந்திருந்தது. நான் மதியம்வரை சேற்றைத்தான் குத்தினேன்.

கடைசியில் பாசாருக்குப் போய் ஒரு ஹருவான் வாங்கி உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் மனைவி உட்கார்ந்தபடியே மீனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"பாசார்ல வாங்குனதாண்ணே? ஈட்டி பட்ட காயமே இல்லையே."

அவர் சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். "பரவால்லண்ணே. அவரு மாதிரி வருமா?"

வராது, மச்சான். எல்லாம் கண்ணாடியின் வேலை என்று ஒரே ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அது என் மூக்கின்மேல் இருக்கிறது. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. செத்துப்போனவன்மேல் பொறாமைப்படுகிறவன் ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போவேன். காயம்பட்ட மீன் ஒன்றையாவது அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.