அவர் சொல்லி முடிக்கட்டும்

மார்ச் 4

இன்றைக்கும் ஏமாந்தேன். அடுப்பில் பால் இருந்தது. யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, அப்புறம் ஒன்றுமில்லை. ஓடிப் போய்த் திறந்தால் வாசலில் ஈ காக்கை இல்லை. திரும்புவதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம்.

எல்லாம் பின்னறையில் இருந்து வருகிற கூத்து. என் மகளும் அவள் சேர்த்து வைத்திருக்கிற மூன்று பேரும். டிரம்ஸ் அடிக்கிற பெண் இருக்கிறாளே, அவள் அடிதான் கதவு தட்டுகிற மாதிரி கேட்கிறது. ராக் ஆல்பமாம். மகளுக்கு இதுதான் முதல் ஆல்பம். அலமாரியில் இருக்கிற டம்ளர்களெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நடந்து வந்துவிடுகின்றன. சாயங்காலம் அவற்றை உள்ளே தள்ளி வைப்பது எனக்கு ஒரு தனி வேலை.

"உங்கப்பா இந்த வீட்டுல முப்பது வருஷம் பாடினார். ஒரு டம்ளர் அசைஞ்சதில்ல" என்றேன்.

"அப்ப டம்ளருக்கு என் பாட்டுதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் வேறு கேட்கிறார், "மகளும் பாடுறாங்களாமே, அப்பா மாதிரியே இருக்குமா?" அவர் மாதிரி இருக்க அவர் இருந்தார். போய்விட்டார். ஊருக்கு இன்னொன்று வேண்டுமாம், கடையில் பல்பு மாற்றுகிற மாதிரி.

மார்ச் 9

ஆல்பம் போடுகிற கம்பெனிக்காரர் வந்தார். கூடவே என் கொழுந்தன். கம்பெனிக்காரர் நேராகப் போய் என் புருஷனுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். போன மழைக்காலத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாற்காலி. மடித்த துணியைக்கூட நான் அதன் மேல் வைக்கிறதில்லை. இந்த மனிதர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆல்பம் அட்டையில் அவர் முகம் பெரிசாக இருக்க வேண்டுமாம். மகள் முகம் ஓரத்தில், சின்னதாக.

"பாட்டு என்னுது. அப்பா முகம் எதுக்கு?" என்றாள்.

"கோவப்படாத பாப்பா" என்றார் கம்பெனிக்காரர். அவளுக்கு இருபத்தேழு வயது. பாப்பாவாம்.

ஆல்பத்துக்கு 'சத்தம்' என்று பேர் வைத்திருக்கிறாள். "சத்தம்னு பேர் வெச்சா யாரும்மா கேப்பாங்க?" என்றார்.

"காது இருக்கிறவங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கொழுந்தன் நடுவில் புகுந்து, "அண்ணன் ஏதாவது ஒரு விதத்துல இதுல இருந்தே ஆகணும், இல்லேன்னா கம்பெனி கையைக் கழுவிடும்" என்றான். மகள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 10

கொழுந்தன் வாங்கி வந்த பழம் அப்படியே இருக்கிறது. தொடப் பிடிக்கவில்லை.

மார்ச் 16

துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் உட்காருகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

நான் அஞ்சாவதோடு நின்றவள். இந்த நோட்டில் தோன்றியதைக் கிறுக்கப் பழகிவிட்டேன், ஆனால் பிறர் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் வெளியூர் போனால் அவர் எழுதி அனுப்ப மாட்டார், குரலில் பேசி அனுப்புவார். கூப்பிட்டுப் பேசலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "இதுல யாரும் ந... ந... நடுவுல வர மாட்டாங்க" என்றார்.

அவருக்குப் பேச்சு திக்கும். பாட்டில் ஒரு பிசிறு கிடையாது. ஆனால் பேச வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். இது வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். வெளியே அவருக்காகக் கொழுந்தன்தான் பேசுவான். பேட்டி, மேடை, ஓட்டலில் காப்பி சொல்வதுகூட. பத்திரிகைக்காரர்கள் அவரை மகா அடக்கமானவர், பேச்சைத் துறந்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். வீட்டில் என்னிடம் அவர் பேசுகிற பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். நின்று நின்று பேசினாலும் வாய் ஓயாது.

பாட்டுக் குரலை ஊர் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும், அதற்குத்தானே பாடினார். பேச்சுக் குரல் என்னுடையது.

நான் அதிகம் கேட்பது ஒன்று இருக்கிறது. "க... க... க..." அப்புறம் ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம், "கதவைச் சாத்திட்டியா? நான் வர நேரமாகும். நீ சாப்பிட்டுப் படு."

ஒவ்வொரு தடவையும் சாத்திட்டேன் என்று சொல்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

மார்ச் 27

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

ஆல்பத்தைப் போட்டுக் காட்டுகிறோம் வாங்க என்று ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்பு, மெத்தை ஒட்டின சுவர், ஏஸி குளிர். கம்பெனிக்காரர், கொழுந்தன், இன்னும் யார் யாரோ. விளக்கைக் குறைத்தார்கள். முதல் பாட்டின் நடுவில் அவர் பேசினார். என் புருஷன். அந்த அறை முழுக்க.

"கதவைச் சாத்திட்டியா? நான் வர நேரமாகும்."

என் போனில் இருந்தது. எனக்கு அனுப்பினது. முன்பின் தெரியாத ஒருத்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. திக்கல் எங்கே? அந்த மூன்று 'க' எங்கே? அந்த மூச்சு எங்கே? வழித்துத் துடைத்து எடுத்துவிட்டார்கள். திக்கல் இல்லாமல் அது யாரோ ஒரு வீட்டுக்காரன் பெண்டாட்டியை அதட்டுகிற மாதிரி இருக்கிறது. கதவைச் சாத்திட்டியா. அவர் ஒரு நாளும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"இது யாரு?" என்று கேட்டேன். எல்லாரும் நான் உருகிப்போய்க் கேட்கிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்தேன் மகளை. என் போனைத் தொட உனக்கு யார் சொன்னது? புதுப் போனுக்கு எல்லாத்தையும் மாத்தித் தரேன்னு வாங்கினியே, திருடத்தான் வாங்கினியா? செத்தவர் குரலை வித்துத்தான் நீ பாட்டுக்காரி ஆகணுமா?

"நான் முழுசாத்தாம்மா குடுத்தேன். அவங்க வெட்டினது எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள்.

நம்பவில்லை. இன்னும் கத்தினேன். அப்போதுதான் சொன்னாள்.

"உன் போன்ல அத்தனை இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு அனுப்பினதில்லம்மா அவர். ஒண்ணுகூட இல்ல."

கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

மார்ச் 28

தட்டு வைத்தேன். சாப்பிட்டாள். பின்னறையில் சத்தம் இல்லை. டம்ளர்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

ஏப்ரல் 1

கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, வெட்டச் சொன்னது நான்தான். குழந்தையைக் கோவிச்சுக்காதீங்க. அண்ணன் கடைசி வரைக்கும் மறைச்ச விஷயம். மானத்தைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

அவரா மறைத்தார்? என்னிடம் மறைத்தாரா? கூச்சம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் 'க' என்று ஆரம்பிக்கும்போதே, "அண்ணன் கல்யாணத்துக்கு வரேன்னு சொல்றார்" என்று முடித்துவிடுவது யார்? ஒரு தடவை கச்சேரிக்குக் கூப்பிட வந்தவர்களிடம் இவர் முடியாது என்று சொல்ல மு... மு... என்று நிற்கிறார். "முடியும்னு சொல்றார்" என்றான். போய்ப் பாடிவிட்டு வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார்.

"தம்பி, அவர் உயிரோட இருந்தப்பதான் பேச விடல. செத்த பிறகாவது விடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவனும் அண்ணனைப் பறிகொடுத்தவன்தான். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது.

ஏப்ரல் 6

காலையில் மறுபடி கதவு தட்டுகிற சத்தம். இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. கரண்டியைக் கையில் வைத்தபடியே பின்னறைக்குப் போய் நின்றேன்.

"அதை இன்னொரு தடவை அடி" என்றேன் டிரம்ஸ் பெண்ணிடம். பயந்துபோய் மகளைப் பார்த்தாள். "அடிடி, அம்மா கேக்குறாங்கல்ல" என்றாள் மகள்.

டம். டம். டம். அப்புறம் நிறுத்தம்.

க. க. க.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "பெத்த அப்பன் திக்கறதை வெச்சுத் தாளம் போடறியா நீ? ஊர் சிரிக்கணுமா?"

மகள் கிதாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். கத்தவில்லை. "சின்ன வயசுல, பள்ளிக்கூடத்துல என்னைக் கூட்டிட்டுப் போக வந்தார்ல. யாரைக் கூப்பிடணும்னு டீச்சர் கேட்டாங்க. அப்பா என் பேரைச் சொல்ல ஆரம்பிச்சார். முதல் எழுத்து வந்திடுச்சு. நான் காத்துட்டு இருந்தேம்மா. எவ்வளவு நேரம்னாலும் நின்னிருப்பேன். கூட வந்த சித்தப்பா சொல்லிட்டார்." குனிந்து கிதார் கம்பியைத் தடவினாள். "வெளில, நாலு பேர் முன்னாடி, அப்பா வாயால என் பேரைக் கேட்டதே இல்ல."

பிறகு பாட்டை முதலில் இருந்து வாசித்துக் காட்டினார்கள். நாலு பேரும் வெளுத்து வாங்குகிறார்கள், காது அடைக்கிறது. நடுவில் மூன்று அடி. உடனே நாலு பேரும் கையை எடுத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர் பெட்டியில் இருந்து அவர் மூச்சு மட்டும் வருகிறது. யாரும் அசையவில்லை. கொட்டுகிற கோலை ஒருத்தி அந்தரத்தில் பிடித்திருக்கிறாள்.

"எவ்வளவு நேரம் இப்படி நிப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவர் சொல்ற வரைக்கும்" என்றாள்.

சொன்னார். கதவைச் சாத்திட்டியா என்று. அப்புறம்தான் வாத்தியங்கள் எல்லாம் மறுபடி விழுந்தன.

கரண்டியில் இருந்தது தரையில் சொட்டியிருந்தது. துடைத்தேன். துடைத்துக்கொண்டே அழுதேன். இந்த நிறுத்தத்தைத்தானா அந்தப் பாவிகள் வெட்டி எறிந்தார்கள்.

ஏப்ரல் 11

மகளோடு கம்பெனிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர், இந்தப் பக்கம் நாங்கள். நான் சரி என்று சொன்னால்தான் அந்தக் குரலைப் போட முடியுமாம், அதனால் எனக்குத் தனி மரியாதை. குளிர்ந்த தண்ணீர், பிஸ்கெட்.

"ஜனங்க மனசுல அவருக்குன்னு ஒரு இடம் இருக்கும்மா. அதை நாம கெடுக்கலாமா? ஒண்ணு வெட்டினபடி இருக்கட்டும், இல்லேன்னா அந்தப் பாட்டே வேண்டாம்" என்றார்.

"முழுசாப் போடுங்க. இல்லேன்னா விட்டுடுங்க" என்பது மட்டும்தான் என் வாயில் வந்தது. மகள், "அந்தப் பாட்டு இல்லேன்னா மத்ததும் இல்ல" என்றாள். அவ்வளவுதான். எழுந்தோம். பிஸ்கெட்டை யாரும் தொடவில்லை.

வருகிற வழியில் பஸ்ஸில்தான் தோன்றியது, சொல்லியிருக்க வேண்டியது. ஜனங்க மனசுல இருக்கிறவர் எனக்கு ஒரு நாளும் குரல்ல பேசி அனுப்பினதில்ல சார். அதை மகளிடம் சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "இறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லிட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 24

மகளும் அந்த மூன்று பேரும் தாங்களாகவே ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார்கள். கம்பெனி இல்லை, விழா இல்லை. போனில் யார் வேண்டுமானாலும் கேட்கலாமாம். அட்டையில் யார் முகமும் இல்லை. விளிம்பில் நிற்கிற டம்ளர் ஒன்று, அவ்வளவுதான். என் டம்ளர். கேட்காமல் எடுத்திருக்கிறாள். இதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 30

'தந்தையின் குறையை விற்கும் மகள்' என்று ஒரு பத்திரிகையில் போட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டி முழுதும் படித்தேன். குறையாம். அவர் மூச்சை இழுத்து, தேடி, கண்டுபிடித்து எனக்கென்று ஒரு சொல்லைக் கொண்டு வருவார். நீங்கள் கடகடவென்று ஊற்றுகிற ஆயிரம் சொல் அதற்குப் பக்கத்தில் வருமா? எந்த வாய் இதைக் குறை என்று சொன்னது?

தாளைக் கிழித்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டேன். டம்ளர் நகராமல் இருக்கும்.

மே 3

இருந்தாலும் நகர்கிறது.

மே 15

கொழுந்தன் வந்தான். மார்ச்சுக்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்த வாசல் ஏறுகிறான். இளைத்திருக்கிறான். பழம் எதுவும் கொண்டு வரவில்லை.

"ஆல்பம் கேட்டியா சித்தப்பா?" என்றாள் மகள்.

"தைரியம் வரல" என்றான்.

பின்னறைக்குக் கூட்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். முக்காலியைத் தள்ளிப் போட்டு அவனை உட்கார வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். சத்தம் தாங்காமல் முதலில் காதைப் பொத்தினான், அப்புறம் மரியாதைக்காகக் கையை இறக்கிக்கொண்டான்.

அந்த இடம் வந்தது. க. க. க. எல்லாம் நின்றது. அவர் மூச்சு மட்டும்.

கொழுந்தன் முன்னால் சாய்ந்தான். வாயைத் திறந்தான். அவன் முகம் எனக்குத் தெரியும், எத்தனை வருஷம் பார்த்த முகம், அந்தச் சொல் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.